வேலைக்காரனாக நடித்தவர்

என் முதுகலை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஒரு பொய் இருக்கிறது. தமிழில் சொன்னால் நாலு சொல். அதை எழுதியபோது மகளுக்கு ஏழு மாதம். அவளை ஒரு கையில் ஏந்திக்கொண்டு மறு கையின் ஒற்றை விரலால் தட்டச்சு செய்தேன், களைப்பில் என்ன எழுதுகிறேன் என்றே தெரியவில்லை என்று சொல்லலாம். சொன்னால் கேட்பவர்கள் பாவம் என்பார்கள். உண்மையில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும் நிதானமாக எழுதி, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கணினியை மூடினேன்.

ஆய்வுப் பொருள் ஒரு பகிடி நாடகம். விக்டோரியா மகாராணி காலத்து லண்டனில், பெரிய நாடகம் முடிந்த பிறகு சனத்தைச் சிரிக்க வைத்து வீட்டுக்கு அனுப்ப எழுதப்பட்ட ஓரங்க நாடகங்களில் ஒன்று. முக்கால் மணி நேரம். கதையைச் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வராது. தான் இல்லாதபோது மனைவி தன்னைப் பற்றி என்ன கதைக்கிறாள் என்று அறிய, ஒரு கனவான் வெளியூர் போவதாகச் சொல்லிவிட்டு வீட்டு அலுமாரிக்குள் ஒளிந்துகொள்கிறார். அந்த நேரம் பார்த்து, மாப்பிள்ளையை இதுவரை கண்டிராத மனைவியின் சித்தப்பா வருகிறார். எசமானின் கோட்டைப் போட்டு அழகு பார்த்துக்கொண்டு நிற்கும் வேலைக்காரனை மாப்பிள்ளை என்று நினைத்து மரியாதை செய்கிறார். வேலைக்காரனும் கொஞ்ச நேரம் எசமானாக இருந்து பார்க்கிறான். கடைசியில் அலுமாரி திறக்கிறது. கோட்டைப் பறித்து, வேலைக்காரனுக்கு உதை. திரை.

இந்த நாடகம் கப்பலேறிக் குடியேற்ற நாடுகளுக்கெல்லாம் போனது. படை அதிகாரிகள் ஆடினார்கள், அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர்கள் ஆடினார்கள், ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பனிகள் ஆடின. பழைய பத்திரிகைகளின் நுண்படச் சுருள்களை வேறு நாட்டு நூலகங்களிலிருந்து வரவழைத்து, வயிற்றுப் பிள்ளையோடு இருட்டறையில் இருந்து படித்தேன். லண்டனில் வேலைக்காரன் ஓர் அயர்லாந்துக்காரன். மெல்பேர்னில் அவன் சீனச் சமையல்காரனாகிவிட்டான். கேப் டவுனில் மலாய் வண்டிக்காரன். கொழும்பில் தமிழ்ச் சமையல்காரன். ஒரு வெள்ளைக்கார லெப்டினன்ட் எரித்த தக்கையை முகத்தில் தேய்த்துக் கறுப்பாக்கிக்கொண்டு நடித்தார். அசல் போலவே இருந்ததாம்.

என் வழிகாட்டிப் பேராசிரியைக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. "எசமான் எல்லா ஊரிலும் ஒரே ஆள்தான். வேலைக்காரன் யார் என்பதைப் பார்த்தால்தான் அந்த ஊர் தெரிகிறது. அவன் பாத்திரத்தை யாருக்குக் கொடுத்தார்கள் என்பதுதான் உன் ஆய்வு" என்றார். அன்று ஒஸ்லோவின் ரி-பான நிலத்தடி ரயிலில், எங்கள் வீடிருக்கும் புருசெத் வரும்வரை சந்தோஷத்தில் அழுதேன். கர்ப்பிணி அழுகிறாளே என்று ஒரு நோர்வேஜியப் பெண் இடம் விட்டு எழுந்தாள்.

கொழும்பிலிருந்து நாடகம் யாழ்ப்பாணத்துக்கும் போயிருந்தது. ஒரு மிஷன் கல்லூரியில், ஒரு வாத்தியார் அதைத் தமிழாக்க, பரிசளிப்பு விழாவில் வருடா வருடம் போட்டிருக்கிறார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் விடவில்லை. இதை எனக்குச் சொன்னவர் என் கணவர். அந்தக் கல்லூரியின் பழைய மாணவர் சங்கம் ஒஸ்லோவிலும் உண்டு. அவருடைய தகப்பனார் அங்கே படித்தவர் என்பதால் இவரும் சங்கத்துக் குழுவில் இருந்தார். சங்கத் தலைவர் ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் இருக்கும் ஓர் அங்கிள். போர் நின்ற சமாதான காலத்தில் யாழ்ப்பாணப் பாதை திறந்ததும் ஊருக்குப் போனவர், கல்லூரியில் தூசி பிடித்துக் கிடந்த, கையால் எழுதிய நாடகக் கொப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொரு வருடமும் யார் யார் என்ன வேடம் போட்டார்கள் என்ற பட்டியலும் அதன் பின்பக்கங்களில் இருந்தது.

அவரைப் பார்க்கப் போவதற்கு முன் நான் பயந்தது கொப்பியைத் தருவாரா என்பதற்கு அல்ல. அப்பா எந்த ஊர் என்று கேட்பார் என்பதற்கு.

எனக்கு ஒன்பது வயதில், நோர்வேயின் வடகோடியில் அப்பா வேலை செய்த ஹம்மர்பெஸ்டுக்கு அம்மாவும் நானும் வந்து சேர்ந்தோம். அப்பா மீன் பதனிடும் ஆலையில் வேலை. அங்கே நாங்கள் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள். யார் எந்தக் குறிச்சி, என்ன சாதி என்று பிரித்துப் பார்க்க ஆள் போதாது. ஒஸ்லோவில் ஆள் போதும். கல்யாணம் பேசியபோது கணவரின் வீட்டாருக்கு விஷயம் தெரிந்தது. ஒரு மாதம் சத்தம், பிறகு ஒரு மாதம் மௌனம், பிறகு சம்மதம். சம்மதத்தோடு ஒரு ஏற்பாடும் வந்தது. யாராவது ஊர் கேட்டால் நான் ஹம்மர்பெஸ்ட் என்று சொல்ல வேண்டும். பொய்யில்லைத்தானே என்றார் கணவர். பொய்யில்லை. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ரொம்சோஸில் அங்கிளின் வீட்டு வாசலில், கணவர் மணியை அழுத்த, நான் தள்ளுவண்டியை உள்ளே கொண்டு போவதா வெளியே விடுவதா என்று தடுமாறிக்கொண்டு நின்றேன். மகளுக்கு அப்போது நாலு மாதம். அவரே வந்து வண்டியை உள்ளே இழுத்தார்.

"சில்லிலை சேறு கிடந்தால் கிடக்கட்டும் பிள்ளை. பேத்திக்குக் குளிரப் போகுது. வாரும், வாரும்."

நல்ல மனிதர். அவரைக் கெட்டவராக எழுத முடிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவருடைய மனைவி தேத்தண்ணியும் ரோல்சும் கொண்டு வந்து வைத்தார். கதை வர வேண்டிய இடத்துக்கு வந்தது.

"அப்பா எந்த ஊர்?"

"ஹம்மர்பெஸ்ட், அங்கிள்."

"அது சரி. அதுக்கு முந்தி?"

"வடமராட்சிப் பக்கம்" என்றேன். பக்கம் என்ற சொல்லுக்குள் பத்து ஊர் ஒளிந்துகொள்ளலாம். அவர் அடுத்த கேள்விக்கு வாய் திறக்க, கணவர் குறுக்கே விழுந்து கொப்பியைக் கேட்டார்.

பழைய, மொத்த மட்டைக் கொப்பி. அங்கிள் அதைத் துவாயில் சுற்றி வைத்திருந்தார். விரித்ததும் அவருடைய முகம் பள்ளிக்கூடப் பையனின் முகமாகிவிட்டது.

"இஞ்சை பாரும், இது என்ரை வருசம். நான்தான் எசமான். கோட்டு எங்கடை அப்பப்பாவின்ரை. அலுமாரிக்குள்ளை நிண்டு வேர்த்து, வெளியிலை வரேக்கை கோழி நனைஞ்ச மாதிரி வந்தனான்."

"அந்தக் கோழி இப்பவும் அப்பிடித்தான் பிள்ளை" என்றார் அவர் மனைவி.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். ஆய்வுக்காரியாகத்தான் கேட்டேன், வேறு எதுவும் அப்போது தெரியாது. "வேலைக்காரனா நடிக்கிறது ஆர் அங்கிள்?"

"அதுக்கு எப்பவும் அந்தக் குறிச்சியிலையிருந்து வாற பெடியளிலை ஒண்டைப் பிடிக்கிறது. எங்கடை பெடியள் மேடையிலை அடி வாங்க மாட்டாங்கள் தானே."

"சும்மா இருங்கோ. பிள்ளை எழுதிப்போடும்."

"எழுதட்டுமன்! சரித்திரம் தானே." என் பக்கம் திரும்பினார். "என்ரை வருசத்திலை ஒருத்தன்... என்ன பேர் அவன்ரை, நுனி நாக்கிலை நிக்குது. அப்பிடி அடி வாங்கத் தெரிஞ்ச ஒருத்தனை நான் பிறகு காணேல்லை. பூவரசந் தடி. நாடகம் பழக்கின மாஸ்டர் மூண்டு அடியெண்டு சொன்னவர். சனம் சிரிச்ச சிரிப்பிலை நான் எண்ணிக்கையை விட்டிட்டன். அவன் விழுறான், எழும்புறான், விழுறான், எழும்புறான். சனத்துக்கு வயிறு நொந்து போச்சு."

"நொந்தது சனத்துக்கோ?" என்றார் மனைவி.

"எடி, அது நடிப்பு!"

கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். அந்தச் சிரிப்பை நான் எத்தனையோ முறை திருப்பித் திருப்பி எடுத்துப் பார்த்திருக்கிறேன். மரியாதைக்குச் சிரித்தேன் என்றால் அது கொஞ்சம் நீளமாக இருந்தது.

கொப்பியைத் தந்தபோது அங்கிள் ஒரேயொரு நிபந்தனை வைத்தார். பட்டியல் முழுவதையும் நான் வருட வாரியாக ஒழுங்குபடுத்தித் தர வேண்டும். மாசியில் சங்கத்தின் ஆண்டு விழா மலரில், நாடகத்தின் வரலாற்றோடு சேர்த்துப் போடுவார்கள். லண்டனுக்கும் கனடாவுக்கும் மலர் போகும். "ஆக்கள் முதல் வேலையாத் தங்கடை பேரைத்தான் தேடுவினம், பிள்ளை. ஒண்டும் விட்டுப் போகப்படாது."

ரொம்சோஸ் நிலையம் நிலத்துக்குக் கீழே, பாறையைக் குடைந்து கட்டியது. ரயில் வர நேரமிருந்தது. வாங்குப் பலகையில் அமர்ந்து கொப்பியைத் திறந்தேன். தமிழாக்கம் மையில், மேடைக் குறிப்புகள் பென்சிலில். கடைசிக் காட்சியில், எசமான் வேலைக்காரனை உதைக்கிறார் என்று ஆங்கிலத்தில் இருக்கும் இடத்தில், "மூன்று அடி" என்று எழுதி, அதை வெட்டி, வேறு கையெழுத்தில் "சிரிப்பு அடங்கும்வரை அடி" என்று எழுதியிருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. எதற்கென்றால், ஆய்வுக்கு எவ்வளவு அருமையான சான்று என்று. அவ்வளவுதான் நான் அப்போது.

பிறகு பட்டியலுக்கு வந்தேன். பத்தொன்பது வருடங்கள். எசமான், மனைவி, சித்தப்பா, எல்லாருடைய பெயருக்கு முன்னாலும் தகப்பன் பெயரின் முதலெழுத்து இருந்தது. வேலைக்காரன் வரியில் மட்டும் வெறும் பெயர். பத்தொன்பது வெறும் பெயர்கள். அங்கிள் எசமானாக நடித்த வருடத்தில் அந்த இடத்தில் என் அப்பாவின் பெயர் இருந்தது.

"அந்தப் பேர் கனபேருக்கு இருக்கும்" என்றார் கணவர். ஆனால் அவர் கொப்பியை என் கையிலிருந்து வாங்கி மூடிய விதத்திலேயே, அவரும் நம்பவில்லை என்று தெரிந்தது. அப்பா அந்தக் கல்லூரியில் சில வருடங்கள் படித்தவர் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அன்று பின்னேரம் ஹம்மர்பெஸ்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். பிள்ளை பால் குடிக்கிறாளா, நிறை கூடுகிறதா என்று அப்பா வழக்கம் போலக் கேட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"அப்பா, நீங்கள் பள்ளிக்கூடத்திலை நாடகம் நடிச்சனீங்களோ?"

அப்பாவிடமிருந்து வேறொரு குரல் வந்தது. மெல்லிய, மூக்கால் பேசும், துள்ளித் துள்ளி ஓடும் குரல். "ஐயா, ஐயா! அலுமாரிக்குள்ளை எலி கிடந்து தும்முது ஐயா!"

என் அப்பா குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆலையிலிருந்து வந்தால் சாப்பிட்டுவிட்டுப் படுப்பவர். பின்னால் அம்மா, "ஆரோடை இந்த விசர்க்கதை?" என்று கேட்பது எனக்குக் கேட்டது.

"உனக்கு ஆர் சொன்னது?" என்றார் அப்பா.

"கொப்பி இப்ப என்னட்டைக் கிடக்கு. உங்கடை பேர் இருக்குது."

"மெய்யே?" அவர் சிரித்தார். "மாஸ்டரிட்டை நான் சித்தப்பா வேசம் கேட்டனான் பிள்ளை. உனக்கு இதுதான் வடிவா வருமெண்டிட்டார். சரியெண்டு செய்தன். கைதட்டு முழுக்க எனக்குத்தான். எசமானா நிண்டவருக்கு ஒரு வசனம் ஒழுங்கா வராது. நான்தான் சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மெல்லமாச் சொல்லிக் குடுக்கிறது."

"அடிச்சவையாமே."

"அடிக்கிறது தானே நாடகம்."

"நொந்ததோ?"

"நல்லா நொந்தது" என்றார், வெளியே பனி கொட்டுகிறது என்று சொல்லும் குரலில். உடனே கேட்டார்: "அப்ப உன்ரை புத்தகத்திலையும் என்ரை பேர் வருமோ?"

"வரும் அப்பா."

இரண்டு வாரம் கழித்து அம்மா சொன்னார், அப்பா ஆலையில் எல்லாருக்கும் சொல்லிவிட்டாராம். பல்கலைக்கழகத்துப் புத்தகத்தில் பெயர் வருகிறது என்று. மேற்பார்வையாளர் கூடக் கைகொடுத்தாராம்.

கணவரின் தங்கைக்கு அப்போது லண்டனில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மகளை நிறை பார்க்கச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டு வந்த ஒரு மத்தியானம், சமையலறையில் நின்றபடியே கணவர் அந்தப் பேச்சை எடுத்தார். நிலையத்தில் தாதி, பிள்ளையின் நிறை வளர்ச்சிக் கோடு கொஞ்சம் தட்டையாகிறது என்று சொல்லியிருந்தாள். என் பால் போதவில்லையா, ஆய்வில் மனம் போனதால் பால் குறைந்துவிட்டதா என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"லண்டன்காரர் ரொம்சோஸ் அங்கிளிட்டைத்தான் எங்களை விசாரிக்கினம்" என்றார் கணவர். "மலர் லண்டனுக்கும் போகும். வேலைக்காரன் எண்ட வரியிலை ஆரின்ரை பேர் நிண்டாலும், அந்த ஆள் எந்தக் குறிச்சியெண்டு சனத்துக்கு விளங்கும். உம்மடை அப்பாவின்ரை பேரை ஹம்மர்பெஸ்ட்டோடை சேர்த்துப் பாக்க எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"அப்பாவிட்டை வருமெண்டு சொல்லிப்போட்டன்."

"ஸ்லாப் ஆவ்" என்றார் நோர்வேஜியத்தில், பதறாதே என்று. பிறகு தமிழில், மெதுவாக: "உம்மடை அப்பா அடி வாங்கினதை வாசிச்சு ஆக்கள் சிரிக்கிறதை நீர் பாக்கப் போறீரோ? அவருக்காகத்தான் சொல்லுறன்."

அவர் கோபப்பட்டுச் சொல்லியிருந்தால் நான் எதிர்த்திருப்பேன். அவர் அப்பாவுக்காக என்று சொன்னார். எனக்கு அந்தச் சொல் தேவையாக இருந்தது. உடனே பிடித்துக்கொண்டேன். ஓம், இது அப்பாவுக்காக. அவருக்குத் தன்னை யார் எதற்காக மேடையில் ஏற்றினார்கள் என்று விளங்கவில்லை. படித்த மகள் எனக்கு விளங்குகிறது. நான்தான் அவரைக் காக்க வேண்டும்.

ஒரு வருடத்தில் மட்டும் பெயர் இல்லாவிட்டால் அந்த இடைவெளி கண்ணில் குத்தும். அதனால் எல்லா வருடங்களிலும் எடுத்தேன். என் அப்பா ஒருவரை மறைக்க மற்றப் பதினெட்டுப் பேரையும் அழித்தேன். அவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள், எந்த நாட்டில் யாருடைய பிள்ளைகள் அந்த மலரைத் திறந்து பார்ப்பார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. ஆய்வேட்டுக்கும் மலருக்கும் போகும் அந்த ஒரே பட்டியலுக்குக் கீழே ஒரு குறிப்பு எழுதினேன்: வேலைக்காரனாக நடித்தவர்களின் பெயர்கள் கிடைக்கவில்லை.

வழிகாட்டி நம்பிவிட்டார். நான் ஒழுங்கான மாணவி. தவணை பிந்தியதில்லை, மேற்கோளில் ஒரு பக்க எண் தவறியதில்லை. அங்கிளும் தன் பெயரை மட்டும் தேடிப் பார்த்துவிட்டுப் பட்டியலை அச்சுக்குக் கொடுத்தார். ஒழுங்கானவர்களின் பொய்யை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை.

ஒருவர் மட்டும் தட்டினார். மார்கழியில் வாய்மொழித் தேர்வுக்கு வேறு நகரத்திலிருந்து ஒரு வெளித்தேர்வாளர் வந்தார், வயதானவர், காதுக் கருவி அணிந்தவர். நான் மகளுக்குப் பால் கொடுக்காமலே, நேரம் பிந்திவிடும் என்று ஓடிவந்திருந்தேன். மார்பு கனத்துப் போயிருந்தது. முதல் அரை மணி நேரம் நன்றாகப் போயிற்று. பிறகு அவர் பின்னிணைப்பைத் திறந்தார்.

"மெல்பேர்னில் சீனனாக நடித்தவர் தொழில்முறை நடிகர் என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். கொழும்பில் லெப்டினன்ட்டின் படைப்பிரிவு வரை தெரிகிறது. உங்கள் சொந்த ஊருக்கு வந்ததும், கொப்பி கையில் இருந்தும், வேலைக்காரன் ஒருவருக்கும் பெயர் இல்லை. உங்கள் ஆய்வின் கேள்வியே அதுதானே? கொப்பியில் எழுதப்படவில்லையா?"

"எழுதப்படவில்லை" என்றேன்.

"அப்படியானால் அது பெரிய கண்டுபிடிப்பு. மற்ற எல்லாருடைய பெயரையும் எழுதியவர்கள் அந்த ஒருவனை மட்டும் பத்தொன்பது வருடம் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். அதைப் பற்றி ஒரு பந்தி கூட நீங்கள் எழுதவில்லையே. ஏன்?"

சட்டையின் முன்புறம் பால் கசிந்து நனைவது தெரிந்தது. கையிலிருந்த தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு, நேரம் போதவில்லை என்று ஏதோ சொன்னேன். சிறு குழந்தை இருக்கிறதல்லவா என்று வழிகாட்டி எனக்காகப் பேசினார். வெளித்தேர்வாளர் தலையசைத்தார். நல்ல புள்ளிதான் தந்தார்கள். யாழ்ப்பாண அத்தியாயம்தான் மெலிந்தது என்றார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. அந்தக் கொப்பியை எழுதிய மாஸ்டர், முதலெழுத்தைத்தான் கொடுக்கவில்லை. பெயரைக் கொடுத்திருந்தார். அடியைக் கூட்டியவர்களும் பெயரை அழிக்கவில்லை. அதைச் செய்தது நான். செய்துவிட்டு, பழியை அவர்கள் மேல் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

மாசியில் ஆண்டு விழாவுக்கு அப்பா வந்தார். நான் அழைக்கவில்லை. பேத்தியைப் பார்க்க என்று சொல்லி, ஹம்மர்பெஸ்டிலிருந்து விமானம் பிடித்து, புதுச் சப்பாத்தும் டையுமாக வந்து இறங்கினார். அவரை நிறுத்த வழி தெரியாமல் மண்டபத்துக்குக் கூட்டிப் போனேன். வாசலில் ஆளுக்கொரு மலர் கொடுத்தார்கள். கணவர் குழு வேலை இருப்பதாகச் சொல்லி மேடைப் பக்கம் போய்விட்டார்.

மூன்றாம் வரிசையில் இருந்தோம். மகள் என் மடியில். அப்பா கண்ணாடியை மாட்டி, பக்கங்களைப் புரட்டி, பட்டியலைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு வருடமாக விரல் வைத்துக்கொண்டு வந்தார். தன் வருடத்தில் விரல் நின்றது. கீழே போய்க் குறிப்பை வாசித்தது. திரும்ப மேலே வந்தது.

"இதிலை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லையே."

"அச்சிலை விட்டுப் போச்சு அப்பா."

"எல்லா வருசத்திலையுமோ?"

நான் மகளின் தொப்பியைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். மலரை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

திரை விலகியது. பழைய நாடகத்தை ஒஸ்லோவுக்கு ஏற்ற மாதிரி மாற்றியிருந்தார்கள். வீடு ஒரு தொடர்மாடி வீடு. வேலைக்காரன், சுவருக்குப் பூச்சடிக்க வந்த போலந்துக்காரன். உடைந்த நோர்வேஜியத்தில் அவன் பேசப் பேச மண்டபம் அதிர்ந்தது. ஹம்மர்பெஸ்டில் என் வகுப்புப் பிள்ளைகள் அம்மாவின் நோர்வேஜியத்தைப் பேசிக் காட்டியதும் இந்தக் குரலில்தான். கடைசியில் அவனைப் பூச்சு உருளையால் அடித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. கூர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பெடியனுக்கு விழத் தெரியேல்லை" என்றார்.

நாடகம் முடிந்து வெளியே வரும்போது அங்கிள் எங்களை மறித்தார். பட்டு வேட்டி, கழுத்தில் சால்வை, முகமெல்லாம் சிரிப்பு. மேடையில் என்னைப் பாராட்டிப் பேசிவிட்டு வந்திருந்தார்.

"உவர்தான் அப்பாவோ? கெட்டிக்காரப் பிள்ளையைப் பெத்திருக்கிறியள்!" அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். விடாமல் பிடித்துக்கொண்டு முகத்தைப் பார்த்தார். "உங்களை எங்கையோ கண்ட மாதிரிக் கிடக்கு. நீங்கள் எவடம்?"

அப்பா சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு கணம், உண்மையாகவே, சொல்லிவிட வேண்டும் என்று விரும்பினேன். ஐயா, ஐயா, அலுமாரிக்குள்ளை எலி என்று அந்தக் குரலில் சொன்னால் போதும். அங்கிள் கட்டிப் பிடித்திருப்பார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதற்குப் பிறகு லண்டனுக்கு என்ன சொல்லியிருப்பார் என்பது வேறு.

"ஹம்மர்பெஸ்ட்" என்றார் அப்பா.

"அங்கை சரியான குளிராமே."

"ஓம். பழகியிட்டுது."

ரி-பானவில் மகள் அவர் தோளில் தூங்கிவிட்டாள். புருசெத்துக்கு இரண்டு நிலையம் இருக்கும்போது கேட்டேன். கேட்காமல் விட்டிருக்கலாம். கேட்காமல் விடவும் என்னால் முடியவில்லை.

"ஏன் அப்பா அவருக்குச் சொல்லேல்லை?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. கோபமும் இல்லை.

"நீயே எழுதேல்லை. நான் எப்பிடிப் பிள்ளை சொல்லுறது?"

கணவரின் தங்கைக்கு அந்தச் சம்பந்தம் சரிவந்தது. லண்டனில் நன்றாக இருக்கிறாள். அப்பா ஹம்மர்பெஸ்டுக்குப் போகும்போது மலரை எடுத்துப் போனார். ஆலையில் கேட்டவர்களுக்கு என்ன காட்டினார் என்று எனக்குத் தெரியாது. தொலைபேசியில் பேத்தியின் நிறையை இப்போதும் கேட்கிறார். அவளுக்கு நாலு வயதாகிவிட்டது, நிறையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. நாடகத்தைப் பற்றி அவரும் கேட்டதில்லை, நானும் எடுத்ததில்லை. பத்தொன்பது பெயர்களையும் கொப்பியைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஒரு தாளில் எழுதி வைத்தேன். அந்தத் தாளை யாரிடம் கொடுப்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசிப்பதாகச் சொல்லிக்கொள்கிறேன்.

இதை எழுதி முடித்ததும், பத்திரிகைக்கு அனுப்பும் முன் கணவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்தார்.

"வடிவா வந்திருக்கு" என்றார். "பேர் ஒண்டும் போடேல்லைத்தானே. பிரச்சினையில்லை, அனுப்பும்."